நடுக்கடலில் ரிலீஃப் இன்ஜின் வராது
(கப்பற் பொறியியல் படிப்பு: ஓர் அறிமுகம்)

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் சமயத்தில் நம் சங்கத்தைச் சேர்ந்த பெற்றோர் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் மரைன் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்கிறான். சேர்க்கலாமா, சார்?"

நான் கப்பலில் வேலை பார்த்தவன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துத் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை டீசல் லோகோ ஷெட்டில் கழித்து ஓய்வு பெற்றவன். இருந்தும் கேள்வி என்னிடம் வருவதற்குக் காரணம் உண்டு. லோகோவில் ஓடுவதும் டீசல் இன்ஜின்தான், கப்பலில் ஓடுவதும் டீசல் இன்ஜின்தான். தவிரவும், இந்த ஊரில் தாராதலா பக்கம் போனால் நாட்டின் மிகப் பழைய மரைன் இன்ஜினியரிங் கல்லூரிகளுள் ஒன்றைப் பார்க்கலாம். அங்கே பயின்று கப்பலுக்குப் போய்வந்த நண்பர்கள் எனக்குப் பலர். அவர்களிடம் கேட்டும், அவர்களுடைய பாடப் புத்தகங்களை வாங்கிப் படித்தும் அறிந்ததை முறையாக எழுதி வைத்தால் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்று தோன்றியது.

இந்தப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது சம்பளம். அதைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள், ஏன் அப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் நான் சொல்ல விரும்புகிறேன். அது புரிந்தால் சேர்க்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்து கொள்ளலாம்.

கல்லூரி வந்த கதை

வ.உ.சிதம்பரனார் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதை நாம் அறிவோம். கப்பலை வாங்குவது ஒரு பாதி. அதன் இன்ஜின் அறையை நடத்தும் ஆட்களை நம் நாட்டிலேயே உருவாக்குவது மறுபாதி. இந்த மறுபாதிக்கான அரசுப் பயிற்சி சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் அன்றைய கல்கத்தாவிலும் பம்பாயிலும் தொடங்கியது. டி.எம்.இ.டி. என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்கள் அங்கே படித்தார்கள். 2008-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. தாராதலா கல்லூரி இன்று அதன் கொல்கத்தா வளாகம். இவை தவிர, அரசின் அனுமதி பெற்ற தனியார் கல்லூரிகளும் உள்ளன.

இது ஆண்பிள்ளைகளின் படிப்பு என்ற எண்ணம் நீண்ட நாள் இருந்தது. இதே தாராதலாவில் படித்த சோனாலி பானர்ஜி 1999-ல் இந்தியாவின் முதல் பெண் மரைன் இன்ஜினியராக வெளிவந்தார். ஆகவே பெண் குழந்தைகளைப் பெற்றவர்களும் மேலே படிக்கலாம்.

ஒரே விதி, இரண்டு இன்ஜின்கள்

நாங்கள் ஷெட்டில் பழகியது டபிள்யூ.டி.எம்.-2 லோகோவின் ஆல்கோ இன்ஜின். 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,000 சுற்று. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், பத்தரை அங்குலம். ஏறக்குறைய 267 மில்லிமீட்டர்.

பெரிய கப்பல் இன்ஜினுக்கு உதாரணமாக 2006-ல் எம்மா மேர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலில் பொருத்திய வார்ட்சிலா-சுல்சர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் 14-தான். ஆனால் ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டமும் 960 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் இரண்டரை மீட்டர். இன்ஜினின் எடை சுமார் 2,300 டன். சக்தி 80,000 கிலோவாட்டுக்கு மேல். இவ்வளவு பெரிய இன்ஜின் ஓடும் வேகம் நிமிடத்துக்கு வெறும் 102 சுற்று.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் பிஸ்டன் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வருகிறது. லோகோ இன்ஜினில் அது 0.534 மீட்டர். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், 0.534-ஐ 1,000-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, விநாடிக்கு 8.9 மீட்டர். கப்பல் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். அதை 102-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 8.5 மீட்டர். ஒன்று அசுரன், மற்றது அதன் காலடியில் நிற்கும் பிள்ளை; ஆனால் இரண்டிலும் பிஸ்டனின் சராசரி வேகம் கிட்டத்தட்ட ஒன்றே! உலோகமும் மசகெண்ணெயும் தாங்கும் எல்லை இரண்டுக்கும் பொது அல்லவா? பிளஸ் டூ பௌதிகத்தில் படித்த சாதாரணக் கணக்கு இப்படி உயிர் பெறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும்.

கப்பல் இன்ஜின் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது? புரொப்பெல்லர் பெரிதாக இருந்து மெல்லச் சுற்றினால்தான் எரிபொருள் வீணாகாமல் கப்பலைத் தள்ளும். இன்ஜினையே மெதுவாக ஓடும்படி அமைத்தால் கியர் பெட்டி தேவையில்லை. இன்ஜினின் தண்டை நேராகப் புரொப்பெல்லர் தண்டோடு இணைத்து விடலாம்.

பின்னோக்கிப் போவதிலும் வித்தியாசம் உண்டு. லோகோவில் டீசல் இன்ஜின் மின்சாரத்தைத்தான் உற்பத்தி செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது டிராக்ஷன் மோட்டார். பின்னால் போக மோட்டாரின் திசையை மாற்றினால் போதும். நேரடியாக இணைத்த கப்பலிலோ இன்ஜினையே நிறுத்தி, எதிர்த் திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். அதற்கு 30 பார் அழுத்தத்தில் சேமித்து வைத்த காற்றைச் சிலிண்டருக்குள் விடுகிறார்கள். கம்ப்ரஸர் ஓடாவிட்டாலும், பாட்டில்களில் இருக்கும் காற்றைக் கொண்டே இத்தகைய இன்ஜினைத் தொடர்ந்து 12 முறை கிளப்ப முடிய வேண்டும் என்பது விதி. துறைமுகத்துக்குள் நுழையும்போது முன்னும் பின்னுமாகப் பல முறை உத்தரவு வரும். காற்றுத் தீர்ந்தால் கப்பலை நிறுத்த வழியில்லை. அதனால்தான் 12.

ரிலீஃப் வராத இடம்

எங்கள் லோகோ நடு வழியில் நின்றுவிட்டால் டிரைவர் கன்ட்ரோலுக்குத் தகவல் சொல்வார். பக்கத்து ஸ்டேஷனிலிருந்தோ ஷெட்டிலிருந்தோ ரிலீஃப் இன்ஜின் வந்து வண்டியை இழுத்துப் போகும். பயணிகள் திட்டுவார்கள், பங்க்சுவாலிட்டி கெடும், அத்தோடு சரி. கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்ஜின் நின்றால் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பி உருளத் தொடங்கும். உதவி வர நாட்கள் ஆகலாம். பழுது பார்க்க வேண்டியவர்கள் கப்பலில் இருக்கும் நாலைந்து இன்ஜினியர்களும் அவர்களுக்குத் துணையான சில பணியாளர்களும்தான்.

நாலு வருஷப் பாடத்திட்டம் முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. முதலில் எந்தப் பொறியியல் மாணவனும் படிக்கும் கணிதம், மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், மின்சாரம், பொருள்களின் வலிமை, டிராயிங். பிறகு கப்பலுக்கே உரிய டீசல் இன்ஜின், பாய்லர், பம்புகள், குளிர்பதனம், கன்ட்ரோல் இன்ஜினியரிங், கப்பல் மிதப்பதன் கணக்கைச் சொல்லும் நேவல் ஆர்க்கிடெக்சர். இவற்றோடு லேத், வெல்டிங், ஃபிட்டிங் என்று பட்டறை வேலை. வளாகத்திலேயே இன்ஜின் அறைச் சாதனங்களைப் பொருத்தி, கப்பலில் இருப்பது போலவே இயக்கிப் பழக வைக்கிறார்கள். மெக்கானிக்கல்காரன் மெக்கானிக்கலை மட்டும் படித்தால் ரயில்வேயில் பிழைத்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்குத் தனி ஷாப் இருக்கும், குடிநீருக்குத் தனி இலாகா இருக்கும். கப்பலில் எல்லா இலாகாவும் அந்த ஓர் அறையில்தான்.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். கடல் தண்ணீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும். அதற்குத் தனியாக எரிபொருள் செலவழித்தால் கட்டுப்படியாகாது. இன்ஜினைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீர் சுமார் 80 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் கடல் தண்ணீர் கொதிக்காதே? நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை உயர்கிறது. அதையே தலைகீழாகச் செய்கிறார்கள். பாத்திரத்திலிருந்து காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால் கடல் தண்ணீர் 50 டிகிரி அளவிலேயே ஆவியாகி விடும். இன்ஜின் கழித்துவிடும் வெப்பத்திலேயே கப்பலுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் கிடைத்து விடுகிறது.

மின்சாரம் முழுவதும் போய்விட்டால்? எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாக ஓடி மின்சாரம் தர வேண்டும். அதை இன்ஜின் அறையில் வைக்கக் கூடாது. மேல்தளத்துக்கு மேலே தனி அறையில் வைக்க வேண்டும். இன்ஜின் அறையில் தீயோ வெள்ளமோ வந்தாலும் அது ஓட வேண்டும் அல்லவா? ஸ்டியரிங் கியருக்கும் இப்படி அளவு உண்டு. முழு வேகத்தில் போகும்போது சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் திருப்ப முடிய வேண்டும். மாணவன் இந்த எண்களை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்டுப் படித்தால்தான் இன்ஜினியர் ஆவான்.

28 உயிர்கள் கற்பித்த பாடம்

ரெய்னா டெல் பசிபிகோ என்ற பயணிகள் கப்பல் 1947 செப்டம்பர் 11 அன்று வட அயர்லாந்தை ஒட்டிய கடலில் வெள்ளோட்டத்தில் இருந்தது. பழுது பார்த்து முடித்துச் சோதித்துக் கொண்டிருந்த நேரம். ஒரு பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறியது. கிராங்க் கேஸுக்குள் எண்ணெய் ஆவியாகிப் பனிமூட்டம் போல் நிறைந்து, வெடித்தது. இன்ஜின் அறையில் இருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள்.

கிராங்க் கேஸுக்குள் எண்ணெய் மூட்டம் சேர்வதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவியும், வெடிப்பின் அழுத்தத்தை வெளியேற்றி உடனே மூடிக்கொள்ளும் கதவுகளும் பிற்காலத்தில் பரவலானதற்கு இந்த விபத்து ஒரு முக்கிய காரணம். எங்கள் ஆல்கோ இன்ஜினிலும் அத்தகைய எக்ஸ்ப்ளோஷன் டோர்கள் உண்டு.

இதைப் படிக்கும் மாணவன் கற்க வேண்டிய பாடம் கருவியைப் பற்றியது மட்டும் அன்று. எச்சரிக்கை மணி அடித்ததும் "உள்ளே என்ன ஆயிற்று பார்ப்போம்" என்று மூடியைத் திறப்பது மனித சுபாவம். திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, அடங்கியிருந்தது வெடிக்கும். இன்ஜினின் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், கிராங்க் கேஸ் கதவுகளின் பக்கத்திலிருந்து விலக வேண்டும், நன்றாக ஆறும்வரை திறக்காமல் காத்திருக்க வேண்டும். வகுப்பறையில் இது நாலு வரிப் பாடம். நள்ளிரவு ஷிஃப்டில், கேப்டன் மேலே இருந்து "எப்போது கிளம்பும்?" என்று கேட்டுக் கொண்டிருக்கும்போது பொறுமையாக நிற்பதற்கு மனப்பக்குவம் வேண்டும்.

இன்னொரு பாடம் சட்டத்தைப் பற்றியது. இன்ஜின் அறையின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த நீரைச் சுத்தம் செய்தே கடலில் விட வேண்டும். அதிலுள்ள எண்ணெய் பத்து லட்சம் பங்கில் 15-ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு விட்டோம், எங்கே விட்டோம் என்பதை அதற்கான பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொய்யாக எழுதிய குற்றத்துக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் தண்டனை பெற்ற தலைமை இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். எரிபொருளில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மூன்றரைப் பங்கு வரை அனுமதி இருந்தது. எல்.என்.ஜி., மெத்தனால் போன்ற எரிபொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே கல்லூரியோடு படிப்பு முடிந்தது என்று நினைப்பவருக்கு இந்தத் தொழில் ஏற்றதன்று.

சேரும் வழி

பி.டெக். மரைன் இன்ஜினியரிங் நாலு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றிலும் சேர்த்துச் சராசரியாக 60 சதவீதமும், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் தேவை. பல்கலைக்கழகம் நடத்தும் அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். சலுகைகள், வயது வரம்பு ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக் கொள்ளவும். மெக்கானிக்கல் பட்டம் பெற்றவர்கள் கப்பலுக்கு மாறுவதற்கான குறுகிய காலப் பயிற்சியும் உண்டு.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கண் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். நிறக்குருடு இருந்தால் கப்பலுக்குப் போக முடியாது. ரயில்வேயில் டிரைவர் வேலைக்கு ஏ-1 மருத்துவத் தகுதி கேட்பது போலத்தான் இதுவும். பச்சையும் சிவப்பும் குழம்புவது பல பிள்ளைகளுக்குப் பரிசோதிக்கும் வரை தெரியவே தெரியாது. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு தெரிய வந்தால் பையன் மனம் உடைந்து போகும்.

பட்டம் வாங்கியவுடன் இன்ஜினியர் ஆகிவிட முடியாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முதலில் ஜூனியர் இன்ஜினியராகக் கப்பலில் ஆறு மாதப் பணி. அதன் பிறகு எம்.இ.ஓ. கிளாஸ் 4 என்ற அரசுத் தேர்வு. எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் தேறியபின்தான் தனிப் பொறுப்பில் வாட்ச் பார்க்கலாம். மேலும் கடலில் பணி செய்து கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. அதற்கு மேல்தான் சீஃப் இன்ஜினியர் பதவி.

ஏமாறாமல் இருக்க

மேலே சொன்ன ஆறு மாதக் கடல் பணி கிடைப்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பட்டம் கையில் இருக்கும், முதல் கப்பல் கிடைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊரிலிருந்த நிலத்தை விற்று ஓர் ஏஜென்டிடம் கொடுத்தது. பையன் ஒன்றரை வருஷம் வீட்டில் காத்திருந்தான். ஏஜென்டின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

ஆகவே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கல்லூரிக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் கப்பல்துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங்கின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களது பட்டியலிலேயே பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம். இரண்டாவது, சேரும்போதே கம்பெனி ஸ்பான்சர்ஷிப் கிடைக்கிறதா என்று முயலுங்கள். அப்படிச் சேர்ந்தவனுக்கு முதல் கப்பல் கிடைப்பது எளிது. மூன்றாவது, கப்பலுக்கு ஆள் எடுப்பவர்களிடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற அரசு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். "இத்தனை லட்சம் கொடுங்கள், அடுத்த மாதம் ஏற்றி விடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்து விடுங்கள்.

யாருக்கு ஏற்றது?

வீட்டில் மிக்ஸி கெட்டுப் போனால் கழற்றிப் பார்க்கும் பிள்ளை. கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் தெரிந்த பிள்ளை. எண்ணெய்க் கறைக்கும் 40 டிகிரி வெக்கைக்கும் அஞ்சாத பிள்ளை. தனியே இருக்கத் தெரிந்த பிள்ளை. இவர்களுக்கு ஏற்றது. பொங்கல், தீபாவளி, தங்கை கல்யாணம் எல்லாம் கடலில் கழியலாம். தந்தைக்கு உடம்பு சரியில்லை என்ற தகவல் வந்தாலும் அடுத்த துறைமுகம் வரும்வரை இறங்க முடியாது. நல்ல சம்பளம் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் தருகிறார்கள். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாயாரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

சில வருஷங்களுக்குப் பின் கரைக்கு வர விரும்பினாலும் வழி இருக்கிறது. கப்பல் கட்டும் தளங்கள், துறைமுகங்கள், கப்பல்களைத் தணிக்கை செய்து சான்று தரும் அமைப்புகள், மின் நிலையங்கள் ஆகியவற்றில் இவர்களுக்கு மதிப்பு உண்டு. இன்ஜின் நின்றுபோன இடத்தில் கையிலிருப்பதைக் கொண்டே அதைக் கிளப்பிய அனுபவத்தை வேறு எந்தக் கல்லூரியும் தராது.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள், மதிப்பெண் பட்டியலையும் கண் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க நூலகத்துக்கு வாருங்கள். கப்பலில் பணியாற்றிய நண்பர் ஒருவரையும் வரச் சொல்கிறேன். மேலே போட்ட பிஸ்டன் கணக்கை அதற்குள் நீங்களே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் பேச வசதியாக இருக்கும்.